பிரம்மதேசத்தில் ஒரு சிவப்பு நிலா!

ஞாயித்துக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு நீங்க வழக்கமா என்ன பண்ணுவீங்க? திங்கக்கிழமை காட்ட வேண்டிய ரெக்கார்டு நோட்டை பக்கத்து ரூம்காரன்கிட்ட கெஞ்சி வாங்கி, ஈயடிச்சான் காப்பி அடிச்சுக்கிட்டு இருப்பீங்க. நானும் அதே கட்சிதான் பாஸ். ஆனா 2025 செப்டம்பர் 7-ம் தேதி ராத்திரி மட்டும் நான் ஒரு தெருவோட நடுவுல, நாலு அடி நீள பி.வி.சி. பைப்பைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, மேகத்தைப் பார்த்து மனசுக்குள்ள திட்டிக்கிட்டு நின்னேன். அன்னிக்கு முழு சந்திர கிரகணம். இடம், பிரம்மதேசம்.

எந்த பிரம்மதேசம்னு முதல்ல சொல்லிடறேன். தமிழ்நாட்டுல இந்தப் பேருக்குப் பஞ்சமே இல்லை. செய்யாறு பக்கம் ஒண்ணு இருக்கு, ராஜேந்திர சோழன் கடைசி மூச்சை விட்டதா சொல்ற ஊர். அம்பாசமுத்திரம் பக்கம் இன்னொண்ணு, பெரிய கைலாசநாதர் கோயிலோட. நம்ம பிரம்மதேசத்துல அந்த மாதிரி பந்தா எதுவும் கிடையாது. திண்டிவனத்துல இருந்து மரக்காணம் போற பஸ்ஸுல ஏறினா நடுவுல வரும். டீக்கடை, போலீஸ் ஸ்டேஷன், வயல், ரோட்டு மேலேயே நின்னு உங்களை முறைக்கிற ஆடுங்க. எங்க அம்மா பிறந்த ஊர். சின்ன வயசுல லீவுக்கு வந்தா, 'இங்க டவர் எடுக்காது'ன்னு ஓடிப் போன ஊர். இப்ப டவரெல்லாம் ஃபுல்லா எடுக்குது. ராத்திரி வானம்தான் முந்தி மாதிரி எடுக்கலை. அதைப் பத்திப் பின்னாடி சொல்றேன்.

இந்தக் கதைக்குள்ள நான் வந்தது ஒரு பல்பு வாங்கின விவகாரம். எங்க காலேஜ் ஹாஸ்டல் மொட்டை மாடியில ஒரு நாள், 'அதோ பாரு துருவ நட்சத்திரம்'னு ஜூனியர்களுக்கு சீன் போட்டுக்கிட்டு இருந்தேன். அது நகர்ந்துச்சு. சிவப்பா, பச்சையா மின்னிச்சு. மீனம்பாக்கத்துல இறங்கிடுச்சு. அந்த அவமானத்துல தேட ஆரம்பிச்சுதான், புதுச்சேரிப் பக்கம் ஒரு அமெச்சூர் வானியல் குழு இருக்கிறது தெரிஞ்சுது. மாசா மாசம் அமாவாசையை ஒட்டின சனிக்கிழமை ராத்திரி, மரக்காணம் உப்பளத்துல போய் நிக்கிற கோஷ்டி. குழு பேரைப் போட வேண்டாம்னு சார் கேட்டுக்கிட்டார். "போட்டீங்கன்னா நூறு பேர் போன் பண்ணுவாங்க தம்பி. எங்ககிட்ட டெலஸ்கோப் ரெண்டே ரெண்டு!"

சார், ரிட்டயர்டு அரசுப் பள்ளி இயற்பியல் வாத்தியார். அவரைத் தவிர ஒரு பேங்க் அக்கா, டூவீலர் மெக்கானிக் அண்ணன் ஒருத்தர், ரெண்டு பாலிடெக்னிக் பசங்க. டெலஸ்கோப் பண்ணினது மெக்கானிக் அண்ணன்தான். ஆறு இன்ச் கண்ணாடியைக் கையாலேயே தேய்ச்சிருக்கார். ரெண்டு வட்டக் கண்ணாடி, நடுவுல கார்போரண்டம் பொடி, தண்ணி. மேல் கண்ணாடியை முன்னாடி பின்னாடி தள்ளிக்கிட்டே, சுத்திச் சுத்தி வரணும். மேல இருக்கிறது குழியும், கீழ இருக்கிறது மேடாகும். அவ்வளவுதான் மேட்டர். பொடியை மாத்தி மாத்தி நைஸ் பண்ணி, கடைசியில கீல் மேல சீரியம் ஆக்ஸைடு போட்டுப் பாலிஷ். குழி சரியா வந்திருக்கான்னு டெஸ்ட் பண்ண ஒரு சின்ன லைட், ஒரு ஷேவிங் பிளேடு போதும். நாம லேப்ல லட்ச ரூபா மெஷின் முன்னாடி நின்னு ரீடிங்கை 'அட்ஜஸ்ட்' பண்ற அதே துல்லியத்தை, இவர் பிளேடுல பார்க்கிறார். நான் மெக்கானிக்கல்னு சொன்னதும், "அப்படியா தம்பி, இந்த ஸ்க்ரூ என்ன திரெட்டுன்னு சொல்லு"ன்னார். சொல்லலை.

அந்தக் குழாயை மரப்பெட்டியில உட்கார வெச்சுத் தள்ளித் திருப்புற டிசைனுக்கு டாப்சோனியன்னு பேரு. ஜான் டாப்சன்னு ஒருத்தர். சான் பிரான்சிஸ்கோவுல வேதாந்த மடத்துத் துறவியா இருந்தவர். மடத்துல இருந்துக்கிட்டே கிடைச்ச கண்ணாடி, பலகைன்னு பொறுக்கி டெலஸ்கோப் செஞ்சு, தெருவுல போறவங்களுக்கு நிலாவைக் காட்டினார். 1967-ல மடத்தை விட்டு வெளியே வர வேண்டியதாப் போச்சு. அப்புறம் அவருக்கு முழு நேர வேலையே பிளாட்பார வானியல்தான். 2014-ல இறந்தார். 'டெலஸ்கோப் எவ்வளவு பெருசு, அதுல எவ்வளவு தெரியுதுங்கறதை விட, அதுல எத்தனை பேர் பார்த்தாங்கங்கறதுதான் கணக்கு' - இது அவரோட கொள்கைன்னு சார் சொன்னார். இவங்க குழுவும் அதே ரூட்டுதான். ஞாயித்துக்கிழமை காலையில ஏதாவது ஒரு ஸ்கூல்ல சூரியனை வெள்ளைப் பேப்பர்ல விழ வெச்சு, புள்ளி எண்ண வைக்கிறாங்க. (சூரியனை டெலஸ்கோப் வழியா நேரா பார்த்தா கண்ணு காலி. அதை மட்டும் விளையாட்டுக்குக்கூடப் பண்ணாதீங்க.)

கிரகணத்தன்னிக்கு சாயங்காலம் என்னை வண்டியில ஏத்திக்கிட்டு உப்பளத்துக்குப் போனாங்க. மரக்காணத்தை நீங்க ஈ.சி.ஆர்-ல பாண்டிச்சேரி ட்ரிப் போகும்போது பார்த்திருப்பீங்க. பார்த்திருப்பீங்கன்னு சொல்றதே தப்பு, கடந்திருப்பீங்க. ரோட்டோரம் வெள்ளைக் குவியல் குவியலா இருக்குமே, அது. தூத்துக்குடி, வேதாரண்யம் வரிசையில தமிழ்நாட்டுல உப்பு விளையுற முக்கியமான இடம். சிறுபாணாற்றுப்படையில வர்ற எயிற்பட்டினம் இதுதான்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. சென்னையில நாம மூக்கைப் பொத்திக்கிட்டுத் தாண்டுற பக்கிங்ஹாம் கால்வாய் இந்தப் பக்கம்தான் வந்து முடியுது. தெற்கே கழுவேலி. 2021-ல பறவைகள் சரணாலயமா அறிவிச்ச சதுப்பு நிலம்.

செப்டம்பர்ங்கறது உப்பு சீசனோட கடைசிக் கட்டம். ஐப்பசி மழை வந்தா பாத்தியெல்லாம் தண்ணிக்கு அடியில. அதனால வாரின உப்பைக் குவிச்சு, கீற்று போட்டு மூடிக்கிட்டு இருந்தாங்க. நாங்க போன நேரத்துல வேலை ஆளுங்க யாரும் இல்லை. இங்க வேலை விடியறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சு, வெயில் ஏறினதும் முடிஞ்சிடும். வரப்பு மேல நடக்கும்போது செருப்பைக் கழட்டினேன். ரெண்டு நிமிஷத்துல மாட்டிக்கிட்டேன். சின்னச் சின்ன கீறல் இருந்தாலும் உப்பு கண்டுபிடிச்சிடுது. இதுல வருஷக்கணக்கா வெறுங்காலோட நின்னு பலகையால இழுக்கிறவங்க கால் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். எங்க ஆயா கால் அப்படித்தான் இருக்கும். கல்யாணம் ஆகி பிரம்மதேசம் வர்ற வரைக்கும் அவங்க மரக்காணம் உப்பளத்துல வேலை பார்த்தவங்க.

"காத்து இல்லாத அமாவாசை ராத்திரியில வாங்க தம்பி. பாத்தித் தண்ணியில பெரிய நட்சத்திரமெல்லாம் விழுந்து கிடக்கும்"னார் சார். மேல பாதி, கீழ பாதின்னு நடுவுல வரப்புல நிக்கிற மாதிரி இருக்குமாம். மார்ச், ஏப்ரல்ல இங்கிருந்து தெற்கே சதர்ன் கிராஸ் தெரியும். ஐரோப்பாக்காரன் கப்பல் ஏறி வந்து பார்த்த ஐட்டம், நமக்கு உப்பளத்து வரப்புல ஃப்ரீ. ஆனா வருஷா வருஷம் அது கஷ்டமாகிக்கிட்டே வருது. தெற்கே புதுச்சேரியோட வெளிச்சம் ஒரு குடை மாதிரி எழும்புது. ரோட்டோரம் ஒவ்வொரு ஹோட்டலும் ஒவ்வொரு ரிசார்ட்டும் வெள்ளை எல்.ஈ.டி. ஃப்ளட் லைட் போட்டு வானத்துக்கே அடிக்குது. தரையில விழ வேண்டிய வெளிச்சத்தை மேல அடிச்சு கரன்ட் பில் கட்டறதுல யாருக்கு என்ன லாபம்னு எனக்குப் புரியலை. லைட்டுக்கு மேல ஒரு தகரத் தொப்பி போட்டா பாதிப் பிரச்னை தீரும்னு மெக்கானிக் அண்ணன் சொல்றார். ஒரு ஹோட்டல்ல போய் தானே போட்டுத் தர்றேன்னும் கேட்டிருக்கார். விரட்டிட்டாங்க.

அன்னிக்கு டெலஸ்கோப்பை உப்பளத்துல வைக்கலை. பௌர்ணமி அன்னிக்கு இருட்டு தேவை இல்லை, ஜனம்தான் தேவைன்னு சார் முடிவு. "உங்க ஊர்லயே வெச்சுடலாம் தம்பி"ன்னு அவர் சொன்னப்ப, நான் பெருமையா தலையை ஆட்டிட்டேன். வீட்டுக்குள்ள என்ன காத்திருக்குன்னு அப்ப எனக்குத் தெரியாது.

எங்க அக்கா அங்கதான் இருந்தா. ஏழாம் மாசம். வளைகாப்பு முடிச்சு அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருந்தாங்க. நான் உள்ளே போனப்ப கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, இட்லிப் பானை மேல, தண்ணிக் குடத்து மேல தர்ப்பைப் புல் போட்டு, ஆயா வாசல்ல காவல் உட்கார்ந்திருந்தாங்க. ஆறு மணிக்கு மேல அக்கா சாப்பிடக் கூடாது. தண்ணி கூடாது. கத்தி, ஊசி தொடக் கூடாது. புரண்டு படுக்கக் கூடாது. ராத்திரி ஒன்றரை மணி வரைக்கும்!

அக்காவுக்கு ரத்தம் கம்மி. முந்தின வாரம்தான் கிணத்தடியில மயக்கம் போட்டு விழுந்திருந்தா. 'வயித்தைக் காயப் போடாதே, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது சாப்பிடு'ன்னு நர்ஸ் திட்டிட்டுப் போயிருந்தாங்க. நான் ஆயாகிட்ட நிலாவுக்கும் பூமிக்கும் இருக்கிற தூரத்துல ஆரம்பிச்சு, நிழல், நேர்கோடு, தளம், அஞ்சு டிகிரி சாய்வு எல்லாம் எடுத்து விட்டேன். பொறுமையா கேட்டாங்க.

"எல்லாம் சரிடா தம்பி. உங்க பெரிம்மாவ நெனச்சுப் பாரு."

அதுக்கு மேல என்னால பேச முடியலை. பெரியம்மாவோட பையன், அதாவது என் அண்ணன், உதடு பிளந்து பிறந்தவன். சின்ன வயசுலயே ஆபரேஷன் பண்ணி, இப்ப மீசை வெச்சா தெரியவே தெரியாது. நல்ல வேலையில இருக்கான். ஆனா, வயித்துல புள்ளையோட கிரகணத்தன்னிக்கு வெளிய வந்து அருவாமணையில கத்திரிக்காய் நறுக்கினவன்னு பெரியம்மாவுக்கு ஊருக்குள்ள ஒரு பேர் இருக்கு. மாமியார் வீட்டுல ஆரம்பிச்ச பேச்சு. இருபத்தேழு வருஷமா ஒரு கல்யாணம், காதுகுத்து விடாம யாராவது ஒருத்தர் அதைச் சொல்லியிருப்பாங்க. ஆயாவுக்கு ராகு, கேதுவை விட பயம் அந்தப் பேச்சு மேலதான். நான் டிகிரி கணக்கு சொன்னா எப்படி எடுபடும்?

ஒன்பது மணிக்கே ஸ்கூல் பக்கம் தெருவுல கூட்டம் சேர்ந்துடுச்சு. பெரும்பாலும் பொடிசுங்க. முதல்ல சனியைக் காட்டினாங்க. 2025 மார்ச்ல அதோட வளையம் பூமிக்கு விளிம்பைக் காட்டித் திரும்பினதால, அன்னிக்கும் ஊசி மாதிரி ஒரு கோடுதான். 'என்ன சார், புக்குல அவ்ளோ பெருசா போட்டிருக்கு?'ன்னு ஒரு பையன் நியாயம் கேட்டான். 9.57-க்கு நிலாவோட ஓரத்துல கறுப்பு கடிக்க ஆரம்பிச்சது. இங்கதான் இவங்களுக்கு வேலையே. நிலாவுல இருக்கிற பள்ளங்களை, பூமியோட நிழல் விளிம்பு எந்த நொடியில தொடுதுன்னு ஒருத்தர் பார்த்துச் சொல்ல, இன்னொருத்தர் எழுதணும். பூமியைச் சுத்திக் காத்து இருக்கிறதால நிழல், கணக்குல வர்றதை விட சுமாரா 2 சதவிகிதம் பெருசா விழும். 1700-கள்ல ல இர்னு ஒரு பிரெஞ்சுக்காரர் இதைச் சொன்னார். ஒவ்வொரு கிரகணத்துக்கும் அது கொஞ்சம் மாறுது. அதை உலகம் முழுக்க அளந்து குவிச்சதுல பெரும்பங்கு இந்த மாதிரி அமெச்சூர் ஆளுங்களோடது. பெரிய அப்சர்வேட்டரிக்கு இதுக்கெல்லாம் நேரம் ஏது?

பேங்க் அக்கா "க்ரிமால்டி!"ன்னு கத்தினாங்க. நான் நேரம் எழுதினேன். அடுத்த பேர் எழுத பேனாவைத் தூக்கினேன். நிலாவைக் காணோம். மேகம்!

பத்தேகால்... பத்தரை... பொடிசுங்க கொட்டாவி விட ஆரம்பிச்சாங்க. "லெ ஜான்டி வந்துட்டார்யா"ன்னு சார் சிரிச்சார். யாருன்னு கேட்டதுக்கு ஒரு கதை சொன்னார். நம்ம எல்லாருக்கும் 'நேரம் சரியில்லை மச்சி'ன்னு தோணும்போது நினைச்சுக்க வேண்டிய மனுஷன் இவர்.

கியோம் லெ ஜான்டி, பிரெஞ்சு வானியலாளர். சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கிரகம் ஒரு பொட்டு மாதிரி கடக்கிறதைப் பல ஊர்ல இருந்து அளந்தா சூரியனோட தூரத்தைக் கண்டுபிடிக்கலாம். அதுக்காக 1760 மார்ச்ல கப்பல் ஏறினார். டெஸ்டினேஷன்: புதுச்சேரி. வந்து சேர்றதுக்குள்ள ஊரை இங்கிலீஷ்காரன் பிடிச்சுட்டான். இறங்க முடியலை. 1761 ஜூன் 6 அன்னிக்கு நடுக்கடல்ல, ஆடற கப்பல்ல இருந்து பார்த்தார். பார்த்து பிரயோஜனம் இல்லை, அளவு எடுக்க முடியாதே. அடுத்தது எட்டு வருஷம் கழிச்சு. விட்டா அதுக்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேல ஆகும். மனுஷன் ஊருக்குத் திரும்பலை, காத்திருந்தார். 1768-ல புதுச்சேரி வந்து, இடிஞ்சு கிடந்த கவர்னர் மாளிகை மேலயே அப்சர்வேட்டரி கட்டினார். மே மாசம் முழுக்க காலையில வானம் பளிச். 1769 ஜூன் 4 விடியக்காலை, அதே கடற்கரை, நம்ம மரக்காணத்துல இருந்து சுமார் 35 கிலோமீட்டர்... மேகம்! வெள்ளி கடந்து முடிச்சதும் வெயில் சுளீர்னு அடிச்சுதாம். 1771-ல ஊர் திரும்பினா, செத்துட்டார்னு முடிவு பண்ணி சொந்தக்காரங்க சொத்தைப் பங்கு போட்டுக்கிட்டு இருந்தாங்க. அகாடமியில இருந்த இடமும் போச்சு. ஒரு அரியருக்கே நாம மொட்டை மாடியில போய் உட்கார்ந்துக்கறோம்!

2012 ஜூன் 6 அன்னிக்கு இதே கரையில சூரியன் உதிக்கும்போதே வெள்ளிப் பொட்டோட உதிச்சது. சார் மேகத்துக்கு நடுவுல கொஞ்ச நேரம் பார்த்திருக்கார். அடுத்தது 2117 டிசம்பர். அதனால அவரை முறைச்சுப் பார்த்தேன், பொறாமையில.

ஆனா லெ ஜான்டி வெறுங்கையோட போகலை. காத்திருந்த நாள்ல ஒரு தமிழர்கிட்ட உட்கார்ந்து நம்ம ஊர் கிரகணக் கணக்கைக் கத்துக்கிட்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடிச்சதுங்கறதுல தமிழ்க் கணக்கு 41 நொடி குறைவா வந்தது, ஐரோப்பாவோட அட்டவணை 68 நொடி அதிகமா காட்டினதுன்னு அவரே குறிச்சு வெச்சிருக்கார். இன்னொரு சம்பவம் இதை விட செம. ஜான் வாரன்னு ஒருத்தர், மெட்ராஸ் அப்சர்வேட்டரியைக் கொஞ்ச காலம் கவனிச்சுக்கிட்டவர். 1825-ல வந்த அவரோட 'கால சங்கலிதா' புத்தகத்துல, புதுச்சேரியில ஒரு பஞ்சாங்கக்காரரைப் பார்த்ததை எழுதியிருக்கார். அந்த மனுஷன் பேனா தொடலை. தரையில சோழியை அடுக்கி அடுக்கி, மனப்பாடமா வெச்சிருந்த வாக்கியங்களை முணுமுணுத்தே, அந்த வருஷம் மே 31 ராத்திரி கிரகணத்தைப் போட்டுக் காட்டிட்டார். வாக்கியம்னா, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண். ஒரு வரியைச் சொன்னா நிலாவோட இடம் வந்துடும். கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களே, உங்க பாஷையில லுக்-அப் டேபிள். 1952-ல நாய்கபவர்ங்கற கணித வரலாற்றாளர் இதைச் சரி பார்த்தார். கிரகணம் ஆரம்பிக்கிற நேரத்துல 4 நிமிஷம்தான் பிழை. நடுவுல 23, முடியறப்ப 52 நிமிஷம்.

அந்தச் சோழிக்காரருக்கு தியரி எதுவும் தெரியாது, ஞாபகசக்திதான் எல்லாம்னு வாரன் எழுதறார். அதைக் கேட்டப்ப எனக்குக் கொஞ்சம் கோபம், கொஞ்சம் வெட்கம். எனக்கு மட்டும் என்ன, ஃபோரியர் டிரான்ஸ்ஃபார்ம் அர்த்தம் புரிஞ்சா எழுதிப் பாஸ் பண்ணினேன்? சோழி இல்லை, கால்குலேட்டர். அவ்வளவுதான் வித்தியாசம்.

11 மணிக்கு முழு கிரகணம் ஆரம்பிச்சிருக்கணும். ஒண்ணும் தெரியலை. சார்கிட்ட அக்கா விஷயத்தைச் சொன்னேன். அவர் நான் எதிர்பார்த்த மாதிரி வீட்டுக்கு வந்து லெக்சர் அடிக்கலை. "முதல்ல மோர் குடிக்கச் சொல்லு. அதுக்கு நிலாவே தேவை இல்லை"ன்னார். பேங்க் அக்கா எழுந்து நேரா எங்க வீட்டுக்குள்ள போயிட்டாங்க. என்ன பேசினாங்கன்னு எனக்குத் தெரியாது. நான் போறப்ப அக்கா கையில மோர் சொம்பு இருந்துச்சு. ரெண்டு இட்லியும் உள்ளே போயிருந்துச்சு. ஆயா முகத்தைத் திருப்பிக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. நடையில பெரியம்மா நின்னுக்கிட்டு இருந்தாங்க. எப்ப வந்தாங்கன்னே தெரியலை.

"ஏண்டா தம்பி, வயித்துல புள்ளைக்கு ஒதடு எந்த மாசத்துல உருவாவும்?"

பஸ்ல வரும்போது படிச்சுட்டுத்தான் வந்திருந்தேன். ஆறு, ஏழு வாரத்துலயே உதடு சேர்ந்து முடிஞ்சிடும் பெரிம்மான்னேன். ரெண்டு மாசம்கூட ஆகாது.

அவங்க விரல் விட்டு எண்ணினாங்க. அண்ணன் பிறந்தது 1998 தை மாசக் கடைசி. அந்தக் கிரகணம் 1997 செப்டம்பர் 16 ராத்திரி. சார் அட்டவணையில அதுவும் இருக்கு. எண்ணி முடிச்சு, "அன்னிக்கு எனக்கு அஞ்சாவது மாசம்டா"ன்னாங்க. திரும்பவும் ஒரு தடவை எண்ணினாங்க. அப்புறம் முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டு, செருப்பு போடாம, தெருவுல இறங்கி டெலஸ்கோப் பக்கம் நடந்தாங்க. ஆயா அதைப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. ஒரு வார்த்தை பேசலை.

11.25 சுமாருக்கு மேகம் விலகிச்சு. தெருவே 'ஓ'ன்னு கத்திச்சு. தலைக்கு மேல கொஞ்சம் தெற்கே, துருப்பிடிச்ச தாமிரச் சொம்பு மாதிரி நிலா. பூமியைச் சுத்தி அந்த நிமிஷம் எங்கெல்லாம் சூரியன் உதிக்குதோ, எங்கெல்லாம் மறையுதோ, அந்தச் சிவப்பு எல்லாம் காத்து வழியா வளைஞ்சு நிலா மேல விழுது. எவ்வளவு சிவப்புங்கறதுக்கு டான்ஜான்னு ஒருத்தர் 0-ல இருந்து 4 வரைக்கும் மார்க் வெச்சிருக்கார். நான் 2 போட்டேன். மெக்கானிக் அண்ணன் 3. இன்டர்னல் மார்க்குக்கு சண்டை போட்ட மாதிரி அஞ்சு நிமிஷம் வாதாடினோம்.

அக்கா வாசப்படி வரைக்கும் வந்துட்டா. நிலா அவ்வளவு உச்சியில இருந்ததால வீட்டுக்குள்ள இருந்து எந்த ஜன்னல்லயும் தெரியாது. ஆயா குறுக்கே கையை நீட்டினாங்க. "கெரகணத்த நேராப் பாக்கக் கூடாது."

சார் வந்து கும்பிட்டார். "நேரா பார்க்க வேண்டாம்மா. இந்தக் குழாய்ல பாருங்க, அடியில கண்ணாடி, மேல ஒரு கண்ணாடி. அதுல விழுற நிழலைத்தான் பார்க்கப் போறோம். தாம்பாளத் தண்ணியில பார்க்கிற மாதிரி."

ஆயா குழாயைச் சுத்தி வந்தாங்க. அடியில கண்ணாடி இருக்கான்னு டார்ச் அடிச்சுக் காட்டச் சொன்னாங்க. தன் மூஞ்சியை அதுல பார்த்தாங்க. "அப்ப சரி."

எனக்கு இது கொஞ்சம் உறுத்திச்சு. உண்மையைச் சொல்லிப் புரிய வைக்காம, சந்துல பூந்து ஜெயிச்ச மாதிரி. அப்புறமா சார்கிட்ட கேட்டேன். "நான் பொய் ஒண்ணும் சொல்லலையே"ன்னார். அது சரியான பதிலான்னு இன்னும் எனக்குத் தீரலை. உங்களுக்கு என்ன தோணுது?

அக்கா பார்த்தா. ஒரு நிமிஷம் போல குனிஞ்சே நின்னா. என்னடி தெரியுதுன்னு அம்மா கேட்டதுக்கு, "ஒருண்டையா இருக்கும்மா"ன்னா. ஃப்ளாட்டான தட்டு மாதிரி தெரியற பௌர்ணமி நிலா, கிரகணத்துலதான் பந்து மாதிரி உருண்டையா தெரியும். நான் அதுக்குள்ள நாலு தடவை பார்த்திருந்தேன், எனக்குத் தோணவே இல்லை.

அடுத்து ஆயா. கண்ணை வெச்சாங்க, எடுத்தாங்க. ஒண்ணும் சொல்லலை. நிலா மங்கினதால வானத்துல நட்சத்திரம் எல்லாம் ஒவ்வொண்ணா வந்திருந்துச்சு. சார் தெற்கே கையைக் காட்டி, நிலாவுக்கு நேர் கீழே தனியா நிக்குதே அது ஃபோமல்ஹாட்னு பொடிசுங்களுக்குச் சொல்லிக்கிட்டு இருந்தார். ஆயா அந்தப் பக்கமே திரும்பலை. கிழக்கே, கூரைக்கு மேல, கடல் பக்கம் பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

"டேய், ஆறாமீன் வந்துட்டுது பாரு."

எனக்கு ஒண்ணும் தெரியலை. விரலை நீட்டினாங்க. மங்கலா ஒரு கொத்து. கார்த்திகை நட்சத்திரக் கூட்டம்! அரை மணி நேரத்துக்கு முன்னாடி, நிலா வெளிச்சத்துல அது காணாமப் போயிருந்திருக்கும். உப்பளத்துல இருந்தப்ப கடிகாரம் ஏது? ஆறாமீன் எந்த மாசத்துல எந்த உசரத்துல நின்னா எழுந்திரிக்கணும், விடிவெள்ளி மொளைக்கிற மாசத்துல எப்ப கிளம்பணும், வெள்ளி இல்லாத மாசத்துல எதைப் பார்க்கணும்... நின்னுக்கிட்டே சொல்ல ஆரம்பிச்சாங்க. சார் நோட்டை எடுத்து எழுத ஆரம்பிச்சுட்டார். பேங்க் அக்கா டார்ச்சுல சிவப்பு ஜிகினாத் தாளைச் சுத்திப் பிடிச்சாங்க. இருபது வருஷமா ஆயா கையால சாப்பிட்டிருக்கேன். அவங்களுக்கு வானம் தெரியும்னு எனக்குத் தெரியாது. நான் கேட்டதே இல்லை.

12.22-க்கு நிலாவோட ஓரத்துல வெள்ளை திரும்ப வந்துச்சு. இந்தத் தடவை மேகம் தொந்தரவு பண்ணலை. நிழல் விலக விலக க்ரிமால்டி, கெப்லர், கோபர்நிகஸ், டைக்கோன்னு நேரம் எழுதினோம். எழுதினது பெரும்பாலும் நான். "கோபர்நிகஸை நாலு நொடி லேட்டா எழுதிட்டே தம்பி"ன்னு மெக்கானிக் அண்ணன் சொன்னார். 1.26-க்கு நிலா பழையபடி வெள்ளைத் தட்டு ஆயிடுச்சு. பெரியம்மா கடைசி வரைக்கும் போகலை. பொடிசுங்களுக்கு வரிசை ஒழுங்கு பண்ணிக்கிட்டு, குட்டையா இருந்தவங்களைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க.

நீங்க போக நினைச்சா ரெண்டே விஷயம். நிலா பார்க்கணும்னா எந்தத் தெருவும் போதும், பைனாகுலர் கூட வேண்டாம், சந்திர கிரகணத்துக்கு எந்தக் கண்ணாடியும் மாட்டத் தேவை இல்லை. நட்சத்திரம் பார்க்கணும்னா அமாவாசையை ஒட்டி, ஜனவரி பிறந்ததும் மரக்காணம் போங்க. உப்பளத்துல வேலை செய்யறவங்ககிட்ட கேட்டுட்டு வரப்புல கால் வைங்க. அது அவங்க விளைச்சல்.

சாமானைக் கட்டி வண்டியில ஏத்தும்போது ஆயா சார்கிட்ட கேட்டாங்க. "அடுத்தது எப்பங்க?"

"2026 மார்ச் 3. சாயங்காலம். நிலா உதிக்கும்போதே கடிபட்டு உதிக்கும்மா. கொஞ்ச நேரம்தான் தெரியும்."

ஆயா மாசத்தை எண்ணினாங்க. அக்காவோட குழந்தைக்கு அப்ப மூணு, நாலு மாசம் ஆகியிருக்கும். "அப்ப புள்ளைய தூக்கிட்டுப் போய்க் காட்டலாம் ஆயா!"ன்னு நான் குஷியா சொன்னேன்.

"பச்சப் புள்ளைய அந்திப் பொழுதுல வெளிய கொண்டாந்தா காத்து கருப்பு அண்டும்டா. போடா, போய்ப் படு."